மலைச் சாலையில் மிதிவண்டி: விபத்து நேர்ந்தால் உங்கள் உரிமை என்ன?

1,276 மீட்டர் உயர லேடாங் மலை ஜொகூர் மாநிலத்தில் நிற்கிறது. அதன் அடிவாரத்து ஏற்ற இறக்கங்களோ மலாக்காவின் ஆசகான் தோட்டப்புறம்வரை நீள்கின்றன. நாள் முழுக்க மிதிக்க விரும்பும் நெடுந்தூரப் பயணிக்கு ஜாசின், ஆசகான் சாலைகள் அருமையானவை. அதே சாலையில்தான் தோட்டத் தொழிலாளியும் வேலைக்குச் சைக்கிளில் போகிறார். இருவருக்கும் ஆபத்து ஒன்று. சட்டம் தரும் பாதுகாப்பு மட்டும் வேறு.

ஆபத்து எங்கே?

தோட்டத்து மண்பாதை தார்ச்சாலையில் சேரும் இடத்தில் கவனம் தேவை. லோரி டயர்கள் இழுத்துவரும் செம்மண், ஒரு மழைக்கே வழுக்குச் சேறாகிவிடும். லோரியிலிருந்து உதிரும் செம்பனைப் பழங்கள் நசுங்கினால் தார் எண்ணெய்ப் பசையேறிக் கிடக்கும். இறக்கத்தில் வந்த வேகத்தில் அங்கே பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் சறுக்கிவிடும். வளைவு வருமுன்பே வேகத்தைக் குறையுங்கள். பிற்பகலில் அடிக்கடி இடிமழை கொட்டும் என்பதால் விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் மலைப்பகுதியைக் கடந்துவிடுங்கள்.

இடது ஓரமாகவே செல்லுங்கள். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியட்டும். இருட்டில் விளக்கின்றிப் போய் அடிபட்டால், உங்கள் மீதும் தவறு உண்டென்று நீதிமன்றம் இழப்பீட்டைக் குறைக்கலாம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மிதிவண்டிக்கு அனுமதியே கிடையாது.

அடிபட்டால் உடனே என்ன செய்வது?

999-ஐ அழையுங்கள். மோதிய வண்டியின் எண், சாலை, உடைந்த சைக்கிள் எல்லாவற்றையும் படமெடுங்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்துவிடுங்கள். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். லேசான அடிதானே என்று விடாமல் மருத்துவமனையில் பதிவு செய்யுங்கள். நாளைக்கு வழக்கைத் தாங்கி நிற்பது இந்தக் காகிதங்கள்தான்.

பணம் யார் தருவார்?

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மோட்டார் வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். தவறு ஓட்டுநருடையது என்றால் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் அந்தக் காப்புறுதியிலிருந்து இழப்பீடு கேட்கலாம். வண்டிக்குக் காப்புறுதி இல்லையென்றால் மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் வாரியத்தை நாடலாம்.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்ட தொழிலாளிக்கு, இதற்கும் மேலாக, சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் பாதுகாப்பு உண்டு. தவறு யாருடையது என்பது அங்கே கேள்வியில்லை. 2019 ஜனவரி முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். விபத்தை முதலாளிக்கு உடனே தெரிவியுங்கள். விடுமுறை நாளில் உல்லாசமாக மிதித்தவருக்கு இந்த வேலைவிபத்துச் சலுகை கிடைக்காது. நெடுந்தூரப் பயணிகள் தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுத்துக்கொண்டு கிளம்புவதே நல்லது.

காலம் காத்திருக்காது

2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் மிதிவண்டியோட்டிய 8 பதின்ம வயதினர் கார் மோதி இறந்தார்கள். அந்தக் குற்றவியல் வழக்கில் காரோட்டியைக் கீழ் நீதிமன்றம் விடுவித்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. ஆறு ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டன.

தீபகற்ப மலேசியாவில் காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தாருக்கு 3 ஆண்டுகளே. பராமரிப்பில்லாத சாலைக்காக அரசுத் துறை மீது வழக்குப் போடவும் 36 மாதங்கள்தான். குற்றவியல் தீர்ப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் உரிமை கைநழுவிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. மருத்துவமனைக் கட்டிலருகே வந்து, "கையெழுத்துப் போடுங்கள், கிடைப்பதில் இத்தனை விழுக்காடு எங்களுக்கு" என்று பேசும் தரகர்களை நம்பாதீர்கள். இழப்பீட்டில் பங்கு பேசிக்கொண்டு வழக்கு நடத்த வழக்கறிஞர்களைச் சட்டம் அனுமதிக்கவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். நேராக ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள்.

புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர்கள் 1967-இல் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர்வரை நடந்தே போனவர்கள். அந்த மண்ணில் மிதிப்பவர்கள், கிடைக்க வேண்டியதைக் கேட்கத் தயங்கலாமா? இந்த விவரங்களை உங்கள் மிதிவண்டிக் குழுவிலும் தோட்டத்துக் கோயில் கூட்டத்திலும் இன்றே எடுத்துச் சொல்லுங்கள்.