ஃபஸ் ஃபேஸ் பழுது: டிரான்சிஸ்டரைத் தொடுவதற்கு முன்

1966இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ், கிட்டார் பெடல்களிலேயே மிக எளிமையானவற்றில் ஒன்று. மைக் ஸ்டாண்டின் வட்டமான அடிப்பாகத்தைப் பார்த்து அமைத்த உலோகக் கூடு, இரண்டு குமிழ்கள், காலால் மிதிக்கும் ஒரு சுவிட்ச், உள்ளே 9 வோல்ட் பேட்டரி. பலகையில் இருப்பவை இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர் மட்டுமே. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ஒலியை உலகம் அடையாளம் கண்டதில் இந்தச் சிறு பலகைக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்படிப்பட்ட பழைய பெடல் ஒன்று வாயடைத்துப் போனால், பலரும் முதலில் சந்தேகப்படுவது டிரான்சிஸ்டரைத்தான். அதைக் கழற்றி வேறொன்றைப் போட்டுவிடுகிறார்கள். பெடல் வேலை செய்யும்; ஆனால் அந்தப் பழைய ஒலி போய்விடும். பெரும்பாலான பழுதுகள் டிரான்சிஸ்டரில் இருப்பதே இல்லை. அசையும் பாகங்களிலும், காய்ந்துபோன கெபாசிட்டர்களிலும், விரிசல் விட்ட ஈயப் பற்றுகளிலும்தான் இருக்கின்றன. ஆகவே அளந்து பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது. மூடியைத் திறந்ததும், எந்த ஒயர் எங்கே போகிறது, கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதெல்லாம் தெரியும்படி நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: சுவிட்சை மிதித்து ஃபஸ்ஸை நிறுத்தினால் கிட்டார் ஒலி சுத்தமாக ஆம்புக்குப் போகிறதா? அந்த நிலையில் ஒலி பலகை வழியாகப் போவதில்லை, பேட்டரியும் தேவையில்லை. அப்போதும் மௌனம் என்றால் கேபிள், ஜாக், சுவிட்ச் இந்த மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. நிறுத்தினால் ஒலி வருகிறது, போட்டால் வரவில்லை என்றால் அடுத்து மின்சாரத்தைப் பாருங்கள்.

இந்தப் பெடலுக்குத் தனியாகப் பவர் சுவிட்ச் கிடையாது. உள்ளீட்டு ஜாக் ஸ்டீரியோ வகை. கிட்டார் கேபிளின் மோனோ பிளக்கைச் செருகும்போது அதன் உலோகம்தான் பேட்டரியின் சுற்றை மூடுகிறது. ஐம்பது அறுபது ஆண்டில் அந்த ஜாக்கின் தகடு கறுத்துவிடும் அல்லது தளர்ந்துவிடும். புது பேட்டரி போட்டும் உயிர் வராததற்குப் பல சமயம் இதுதான் காரணம். பிளக்கைச் செருகிய நிலையில் பலகை வரை 9 வோல்ட் வந்து சேருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். வரவில்லையென்றால் ஜாக்கைத் துடைத்து, தகட்டை லேசாக வளைத்துவிடுங்கள். பேட்டரி கிளிப்பின் ஒயரையும் இழுத்துப் பாருங்கள்.

மின்சாரம் வருகிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் வோல்ட்டேஜ்களை வரிசையாக அளக்க வேண்டும். ஆரம்பகால ஃபஸ் ஃபேஸில் இருப்பவை என்கேடி275, ஏசி128 போன்ற ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர்கள். அதனால் பேட்டரியின் பாசிட்டிவ்தான் இதில் எர்த். மீட்டரின் கறுப்பு முனையை எர்த்தில் வைத்து அளந்தால் எல்லா அளவும் மைனஸில் வரும், பதற வேண்டாம். முக்கியமான அளவு இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் இருப்பது. பேட்டரியின் பாதி, அதாவது மைனஸ் 4.5 வோல்ட்டை ஒட்டி அது இருக்க வேண்டும். அதன் எமிட்டரில் அரை வோல்ட் அளவும், முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் காட்டும்.

அந்த 4.5 எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்பதே பழுதின் இடத்தைச் சொல்லிவிடும். கலெக்டரில் முழு 9 வோல்ட் தெரிந்தால், இரண்டாவது டிரான்சிஸ்டர் வழியாக மின்சாரம் ஓடவே இல்லை. அது செத்திருக்கலாம்தான். ஆனால் அதன் எமிட்டருக்கு எர்த் கிடைப்பது ஃபஸ் குமிழின் 1 கிலோ ஓம் பாதை வழியாக. அந்தப் பாதை உள்ளே அறுந்திருந்தாலும் இதே அளவுதான் வரும். குமிழின் இரு ஓரக் கால்களுக்கிடையே ஓம் அளந்தால் தெரிந்துவிடும். மாறாக, கலெக்டரில் 1 வோல்ட் அளவுக்கே இருந்தால் இரண்டாவது டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்து கிடக்கிறது. முதலாவது தன் வேலையைச் செய்யவில்லை. இரண்டாவதன் எமிட்டரிலிருந்து முதலாவதன் பேஸுக்குப் போகும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் அதன் ஈயப் பற்றையும் பாருங்கள். முதல் கலெக்டரின் 33 கிலோ ஓம், இரண்டாவதன் 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களின் மதிப்பும் வயதாக ஆக ஏறும். பலகையில் வைத்தபடியே ரெசிஸ்டரை அளந்தால் மீட்டர் தவறு காட்டக்கூடும். ஒரு காலை மட்டும் ஈயத்திலிருந்து விடுவித்து அளக்க வேண்டும்.

ஒலி வருகிறது, ஆனால் திக்கித் திணறி, மீட்டிய ஸ்வரம் நீடிக்காமல் பட்டென்று அறுந்துபோகிறது என்றால் அது வேறு கதை. நம் ஊரில் இதைத்தான் அதிகம் எதிர்பார்க்க வேண்டும். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் சிக்னல் இல்லாதபோதும் கொஞ்சம் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்தக் கசிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். லண்டனில் 20 டிகிரி அறையில் 100 மைக்ரோ ஆம்ப் கசிந்த டிரான்சிஸ்டர், சென்னையின் 35 டிகிரி மாலையில் 280 வரை கசியும். முதல் டிரான்சிஸ்டர் வழியாக ஓட வேண்டிய மொத்த மின்சாரமே 250 மைக்ரோ ஆம்ப்தான். கசிவே அதைத் தாண்டிவிட்டால் சுற்று எப்படி நிலையாக நிற்கும்? எனவே வெயில் நாளில் கெட்டுப்போனதாகத் தோன்றும் பெடலை ஏசி அறையில் அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி வாசித்துப் பாருங்கள். ஒலி திரும்பினால் அதில் பழுதே இல்லை. ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.

குளிர்ந்த பிறகும் திணறினால் டிரான்சிஸ்டரைச் சோதிக்கலாம். சாதாரண மல்டிமீட்டரின் கெய்ன் துளையில் செருகிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். அது கசிவையும் கெய்னோடு சேர்த்துக் கணக்கிட்டு, கெட்ட டிரான்சிஸ்டருக்கும் நல்ல மதிப்பெண் கொடுத்துவிடும். 9 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை எமிட்டரில் கொடுங்கள். கலெக்டரிலிருந்து 2.4 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக நெகட்டிவுக்கு வாருங்கள். பேஸைச் சும்மா விட்டு, அந்த ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே உள்ள வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள்; அது முழுக்கக் கசிவு. பிறகு பேஸிலிருந்து 2.2 மெகா ஓம் ரெசிஸ்டரை நெகட்டிவுக்குக் கொடுத்து மறுபடி அளந்து, முதல் அளவைக் கழியுங்கள். மீதியை நூறால் பெருக்கினால் உண்மையான கெய்ன் ஏறத்தாழ வந்துவிடும். முதல் இடத்துக்கு 70 முதல் 100 வரையும், இரண்டாவது இடத்துக்கு அதைவிடச் சற்று அதிகமாகவும் இருந்தால் நல்லது. விரலால் தொட்டபின் உடலின் சூடு தணிய ஒரு நிமிடம் விட்டு அளக்க வேண்டும்.

கெபாசிட்டர்கள் தங்கள் பழுதைக் காதுக்கே சொல்லிவிடும். உள்ளீட்டில் உள்ள 2.2 மைக்ரோ ஃபாரட் காய்ந்துபோனால் அடிநாதம் மெலிந்து ஒலி சன்னமாகும். ஃபஸ் குமிழோடு சேர்ந்த 20 மைக்ரோ ஃபாரட் போய்விட்டால் குமிழை முழுதாகத் திருப்பினாலும் ஃபஸ் ஒலி ஏறாது. இன்னொரு அடையாளத்தை அதிகம் பேர் கவனிப்பதில்லை: பெடலைப் போட்டிருக்கும்போது கிட்டாரின் சொந்த வால்யூம் குமிழ் கரகரத்தால், குறை கிட்டாரில் இல்லை; உள்ளீட்டுக் கெபாசிட்டர் டிசி மின்சாரத்தைக் கசியவிடுகிறது. அதேபோல, கான்டாக்ட் கிளீனர் அடித்தும் ஃபஸ் குமிழின் கரகரப்பு அடங்கவில்லை என்றால் 20 மைக்ரோ ஃபாரட்டைச் சந்தேகப்படலாம். இவற்றைத் தயங்காமல் மாற்றலாம். ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பவை டிரான்சிஸ்டர்கள்தான்.

பற்றவைக்கும்போது அவசரம் கூடாது, தாமதமும் கூடாது. பழைய பலகையில் செம்புப் பாதை சீக்கிரம் உரிந்துவிடும். ஜெர்மானியமோ சூட்டைத் தாங்காது; அதன் காலை மூக்குக் குறட்டால் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று விநாடிக்குள் வேலையை முடிக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பழைய ஈயத்தின் புகை நல்லதல்ல.

பழுதே இல்லாமல் பழுதாகத் தோன்றும் இடங்களும் உண்டு. ஃபஸ் ஃபேஸுக்கு முன்னால் பஃபர் உள்ள பெடல் எதையாவது வைத்தால் ஒலி கூர்மையாகிக் காதைக் கிழிக்கும். கிட்டாரை நேராக இதில் செருக வேண்டும். அடாப்டருக்கான துளையைப் பிற்காலத்தில் யாராவது போட்டிருந்தால், மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் இதை இணைக்காதீர்கள். அவற்றில் நெகட்டிவ் எர்த், இதில் பாசிட்டிவ் எர்த். கிட்டார் கேபிளின் வழியாக இரண்டும் சேர்ந்து அடாப்டர் ஷார்ட் ஆகிவிடும். இந்தப் பெடல் இழுப்பது 1 மில்லி ஆம்பைவிடக் குறைவு என்பதால் ஒரு சாதாரண பேட்டரியே மாதக்கணக்கில் வரும், வாசித்து முடித்ததும் பிளக்கை உருவி வைத்தால்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழற்றிய எந்தப் பாகத்தையும், செத்த டிரான்சிஸ்டரைக்கூட, தூக்கி எறியாதீர்கள். ஒரு சிறிய உறையில் போட்டு, எதை எப்போது மாற்றினீர்கள் என்று எழுதி, பெடலோடு வைத்துவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்கு அந்தச் சீட்டு பாதி வேலையை மிச்சப்படுத்தும்.