விளக்கில்லாத இறக்கம்

கொடைக்கானலின் நாயுடுபுரத்தில் சாயங்காலம் மேகம் இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவர் யாரென்று தெரியாது. காதுதான் துணை. பஸ் முக்கி முனகிக்கொண்டு மேடேறுவது கேட்கும். காய்கறி ஏற்றிய வேன் கியர் மாற்றுவது கேட்கும். ஏரிப் பக்கமிருந்து திரும்பும் குதிரையின் குளம்புச் சத்தம்கூட வளைவுக்கு அந்தப் பக்கமே கேட்டுவிடும். சைக்கிள் வருவது மட்டும், வந்து மோதுகிற நேரத்தில்தான் தெரியும்.

இதை நான் எழுத ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னால், ஏரிக்கரையில் வாடகைக்கு எடுத்த சைக்கிளோடு செட்டியார் பூங்கா வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏரியைச் சுற்றி ஓட்டத்தான் அந்த சைக்கிளைக் கொடுத்திருந்தார்கள். ஐந்து கிலோமீட்டர் சமதளச் சுற்று எனக்குச் சலித்துவிட்டது, மேலே ஏறிவிட்டேன். திரும்பி வரும்போது நாயுடுபுரத்தை ஒட்டிய ஓர் இறக்கத்தில் வண்டி தானாகவே பறந்தது. பெடலை மிதிக்க வேண்டியதில்லை, காற்று காதில் இரைகிறது, மனசு குதூகலிக்கிறது. வளைவு திரும்பினால், தலையில் கேரட் கட்டோடு ஒரு வயதான அம்மா. பிரேக்கைப் பிடித்தேன். பின்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. ஹாண்டிலை ஒடித்து ஓரத்து வாய்க்காலில் விழுந்தேன். அந்த அம்மாவுக்கு அடி இல்லை. பயத்தில் கட்டு நழுவி, கேரட் ரோடெல்லாம் உருண்டது.

திட்டவில்லை அவர். கேரட்டைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்: "ஏப்பா, மணி அடிக்கப்படாதா? ஒரு வெளக்காவது வச்சுக்கிட்டு வரப்படாதா?" அப்போதுதான் ஹாண்டிலைப் பார்த்தேன். மணி இருந்த இடத்தில் மூடி கழன்ற ஓர் ஆணி மட்டும் நின்றது. விளக்கு எந்தக் காலத்திலும் அதில் இருந்ததாகவே தெரியவில்லை.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் சாலை விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டுமா என்பதுதான் இந்த வாரம் எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து யோசித்தால் இது சிவப்பு விளக்கில் நிற்பதா, போவதா என்ற விவாதமாக இருக்கும். நாயுடுபுரத்தில் விவாதத்துக்கே இடமில்லை. கட்டுப்படத்தான் வேண்டும். அதிலும் முதலில் விளக்கு, அடுத்தது மணி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

சைக்கிளுக்குச் சட்டமே கிடையாது என்று நம்மில் பலர் உண்மையாகவே நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு முகாந்திரமும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் சைக்கிள் ஒரு மோட்டார் வாகனம் அல்ல. லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம். கொடைக்கானலுக்கு மோட்டார் வண்டியில் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஏப்ரல் முதல் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று கணக்கும் வைத்தார்கள். ஏரிக்கரையில் சைக்கிள் எடுத்து ஊருக்குள் ஓட்டுகிறவரை இந்தக் கணக்கு எதுவும் தொடாது.

ஆனால் இன்னொரு சட்டம் தொடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆவது பிரிவு, பொது வழியில் எந்த வண்டியையும் பிறர் உயிருக்கு ஆபத்தாக ஓட்டினாலோ, சவாரி செய்தாலோ குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மோட்டார் என்ற சொல்லே அங்கு இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 279ஆவது பிரிவாக இருந்தது. அந்தச் சட்டம் இயற்றப்பட்ட 1860இல் நம் ஊர்ப் பாதைகளில் சைக்கிளே கிடையாது. குதிரையையும் குதிரை வண்டியையும் மாட்டு வண்டியையும் மனதில் வைத்து எழுதியது. கலெக்டர் லெவிஞ்ச் 1863இல் கொடைக்கானல் ஏரியை உருவாக்குவதற்கும் மூன்று வருடம் முந்தியது. மோட்டார் வருவதற்கு முன்பே, பாதையில் வேகமாகப் போகிறவனுக்கு நடந்து போகிறவனிடம் ஒரு கடமை உண்டு என்று எழுதி வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் மலைச் சாலைக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை.

நம் ஊரில் சைக்கிளுக்கு விதி இருந்த காலத்தை ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நகராட்சிக்கு வரி கட்டி வாங்கிய தகர வில்லையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு அலைந்தவர்கள் அவர்கள். பொழுது சாய்ந்தால் தெருமுனையில் போலீஸ்காரர் நிற்பார். டபுள்ஸ் போனால் பிடிப்பார், விளக்கு இல்லையென்றால் பிடிப்பார், கையில் காசு இல்லையென்றால் வால்டியூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கி அனுப்புவார். அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு இறங்கி, ரொம்ப நல்ல பிள்ளையாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்து போய், மூலை திரும்பியதும் ஏறி மிதித்தவர்கள் நாம் எல்லோரும். மண்ணெண்ணெய் விளக்கை மாட்டிப் போனவர்கள் அதற்கும் முந்திய தலைமுறை. மேடு பள்ளத்தில் அது அணைந்து அணைந்து போகும். அதற்கென்றே சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கும்.

அந்தக் கெடுபிடி போனதற்காக யாரும் அழவில்லை. அது பெரும்பாலும் பால்காரர் மீதும், மில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் மீதும், தினக்கூலிக்காரர் மீதும்தான் விழுந்தது. என் வருத்தமெல்லாம், கெடுபிடியோடு சேர்த்து விளக்கும் போய்விட்டதில்தான். வில்லையை ஒழித்தது நல்லது. டைனமோவை ஏன் கழற்றினோம்?

டைனமோ எப்படி வேலை செய்யும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உரசிச் சுழலும் ஒரு சின்ன உருளை. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு வெளிச்சம். மேட்டில் மூச்சு வாங்க மிதிக்கும்போது அது மினுக் மினுக்கென்று மங்கும். பரவாயில்லை, அந்த வேகத்தில் யாரையும் இடித்துவிட முடியாது. இறக்கத்தில் விட்டால் பளீரென்று எரியும். எங்கே ஆபத்து அதிகமோ அங்கே வெளிச்சமும் அதிகம். பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம். மலைக்கென்றே செய்தது போன்ற அந்தச் சாதனத்தை, மிதிக்கக் கனமாக இருக்கிறது என்று நாம்தான் கழற்றிப் பரணில் போட்டோம். இன்று கியர் சைக்கிள் என்று பல ஆயிரம் கொடுத்து வாங்குகிறோம். விளக்கு அதில் தனி விலை. பெரும்பாலானவர்கள் வாங்குவதில்லை.

ஒளியைத் திருப்பியடிக்கும் சிவப்பு, வெள்ளைத் தகடுகள் புது சைக்கிள்களில் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2020இல் ஒரு தர ஆணை போட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தத் தகடு ஒளிர வேண்டுமானால் எதிரே வருகிறவரிடம் விளக்கு இருக்க வேண்டும். காருக்கு அது தெரியும். தலையில் கேரட் கட்டு சுமந்து வருகிற அம்மாவிடம் ஹெட்லைட் கிடையாது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது இறக்கத்தில் பெரிய வேகமே இல்லை, சும்மா விட்டாலே வந்துவிடும். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆளைக் கண்டு, மூளை சொல்லி, விரல் பிரேக்கை அழுத்தவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். மேகம் மூடிய வேளையில் நம் கண் போவதே பத்து மீட்டர்தான் என்றால், பிரேக் பிடிக்கத் தொடங்கும்போது மிச்சமிருப்பது ஓர் ஆள் நீளம். அதிலும் ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அதற்குப் பிறகுதான் சக்கரத்தைப் பிடிக்கும். ஓட்டுகிறவரின் கண்ணை நம்பி இங்கே இறங்க முடியாது. எதிரே வருகிறவர் நம்மை முன்கூட்டியே பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். மற்ற இடங்களில் விளக்கு என்பது வழி பார்க்க. மலையில் அது நாம் வருகிறோம் என்று சொல்வதற்கு.

மலைச் சாலைக்கென்று இன்னொரு விதியும் உண்டு. அகலம் போதாத ஏற்றச் சாலையில் இறங்கி வருகிறவர் ஏறி வருகிறவருக்கு வழிவிட வேண்டும். லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது பால பாடம். ஏறுகிற வண்டி ஒருமுறை நின்றால் மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்பது அவர்களுக்குத் தெரியும். இறங்கும் சைக்கிளுக்கு இந்த விதி இருப்பதே தெரியாது. வத்தலக்குண்டிலிருந்து வாரக் கடைசியில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மிதித்து ஏறி வருகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். அந்த உழைப்புக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஏறும்போது அவர்களைப் போல ஒழுங்காக ஓரம் போகிறவர்கள் யாரும் இல்லை. இறங்கும்போது அதே ஆட்கள் கொண்டை ஊசி வளைவில் நடுக்கோட்டைத் தாண்டிச் சாய்கிறார்கள்.

காட்டுமாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொடைக்கானல்காரர்களுக்கு அது தெருவில் நிற்கிற பிராணி. ஏரிப் பக்கமும் வரும், நாயுடுபுரத்து வீடுகளுக்கு இடையிலும் புகுந்து நடக்கும். பஸ் வந்தால் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக ஒதுங்கும். சத்தமில்லாமல் ஒரு சக்கரம் முகத்துக்கு நேரே வந்தால் அது மிரளும். ஓர் ஆளைவிடப் பத்து மடங்குக்கு மேல் எடையுள்ள மிருகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது.

சைக்கிளால் யாருக்கு என்ன கெடுதல், புகையில்லாத வண்டியை ஊக்குவிக்காமல் விதி போட்டு மிரட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982 முதலே, நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில் ஆளில்லை என்றால் சைக்கிள் நிற்காமலே போகலாம் என்று சட்டம் இருப்பதையும் எடுத்துக்காட்டுகிறார்கள். இருக்கட்டும். அதே ஐடஹோவில் இருட்டிய பின் சைக்கிளில் விளக்கு கட்டாயம். சைக்கிளின் சொர்க்கம் என்று நாம் சொல்லும் நெதர்லாந்தில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாமல் இரவில் போனால் அபராதம். எந்த விதியைத் தளர்த்தினாலும் இந்த ஒன்றை அவர்கள் தளர்த்தவில்லை.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் சைக்கிளில் போனவர்கள் மட்டும் நாலாயிரத்துக்கும் மேல். நடந்து போனவர்கள் அதைப் போலப் பல மடங்கு. இந்த நாலாயிரம் பேரில் பெரும்பாலோர் மோட்டார் வண்டி இடித்துச் செத்தவர்களாகத்தான் இருப்பார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல இதை நான் எழுதவில்லை. இருட்டில் பின்னால் ஒரு சிவப்புப் பொட்டு எரிந்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்ற நினைப்பு என்னை விடமாட்டேன் என்கிறது. விளக்கு எதிரே நடப்பவரையும் காக்கிறது, சைக்கிளில் இருப்பவரையும் காக்கிறது. இப்படி இருவருக்கும் பொதுவான இன்னொரு விதியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

போலீஸ்காரரை மறுபடி தெருமுனையில் நிறுத்தச் சொல்ல மாட்டேன். வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் தொடங்கலாம். மணி, இரண்டு பிரேக், முன்னும் பின்னும் விளக்கு. இவை இல்லாத சைக்கிள் கடையை விட்டு வெளியே போகக்கூடாது. நாலு மணிக்கு மேல் எடுக்கிறவரிடம் விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுத்தான் சைக்கிளைக் கொடுக்க வேண்டும். ஏரிச் சுற்றைத் தாண்டி மேலே போகிறேன் என்கிறவருக்கு, இறக்கத்தில் ஏறுகிற ஆளுக்கு வழிவிடணும் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. வாடகை கொடுத்து எடுக்கிற நாமும், விளக்கு எங்கே என்று கேட்டு வாங்கலாம். அன்று நான் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரைக்காகத் திரும்பவும் போயிருந்தேன். ஏரிக்கரையில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த சைக்கிள்களில் விளக்கு மாட்டியது ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. நானே ஒரு டார்ச்சை ஹாண்டிலில் கட்டிக்கொண்டு நாயுடுபுரம் வரை போனேன். வரும்போது மேகம் இறங்கிவிட்டது. அதே இறக்கத்தில் ஏறி மிதிக்கத் துணிவில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். எதிரே பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் மேடேறி வந்தார். இன்னொரு கையில் செல்போன் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சத்தை அவர் தரையில் காட்டவில்லை. தலைக்கு மேலே தூக்கி, மேட்டைப் பார்த்துக் காட்டிக்கொண்டே நடந்தார்.