நிலவுரிமையும் நிருவாகமும்: கென்டக்கி கவுண்டியின் தோற்றம்

எல்லைப்புறத்தில் மக்கள் சென்று குடியேறுவர். குடி பெருகியபின் நிருவாகம் அமையும். குடியேற்ற வரலாறுகள் பொதுவாகக் கூறும் வரிசைமுறை இதுவே. வட அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே, வர்ஜீனியாவின் ஒரு பகுதியாக 1776இல் அமைந்த கென்டக்கி கவுண்டி இவ்வரிசைக்குள் அடங்குவதில்லை. குடியேறியோர் மிகச் சிலராக இருந்தபோதே அது தோன்றிவிட்டது. அதற்குக் காரணம் மக்கட்பெருக்கம் அன்று. நிலம் யாருக்குரியது என்னும் பூசலே.

'கவுண்டி' என்பதை 'மாவட்டம்' எனப் பெயர்ப்பது தமிழில் வழக்கம். எனினும் வர்ஜீனியாவின் கவுண்டி வெறும் ஆட்சிப் பிரிவன்று. நீதிமன்றம், குடிப்படை, நில அளவர், சட்டமன்றத்தில் இரு உறுப்பினர் ஆகியவற்றை அக்காலத்தில் தனக்கென உடையதாய் இருந்தது. காடு திருத்தியவரின் உடைமை, சட்டம் ஏற்கும் உரிமையாக மாறுவதற்கு இவ்வமைப்புத் தேவைப்பட்டது. ஆதலின் இங்குக் கவுண்டி என்றே ஆளப்படுகிறது.

மலைக்கு மேற்கே குடியேறுதலை 1763ஆம் ஆண்டின் அரச ஆணை தடைசெய்திருந்தது. 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை உடன்படிக்கையில் இரோகுவா மக்கள் ஒகையோ ஆற்றின் தென்கரை நிலத்தை விட்டுக்கொடுத்தனர். ஆனால் அங்கு வேட்டையாடி வந்த ஷானி மக்கள் அதில் ஒப்பமிடவில்லை. பிற்கால வரலாறுகள் இந்நிலத்தை ஆளில்லா வெளியாகக் காட்டுவதற்கு இவ்வுடன்படிக்கையே கால்கோள் எனலாம்.

1774இல் ஜேம்ஸ் ஹாரட் குழுவினர் ஹாரட்ஸ்டவுனை நிறுவினர்; போரினால் நீங்கி, அடுத்த ஆண்டு மீண்டனர். 1775 மார்ச்சில் ரிச்சர்ட் ஹென்டர்சனின் டிரான்சில்வேனியா நிறுவனம் சைகமோர் ஷோல்ஸ் என்னுமிடத்தில் செரோக்கி தலைவர்களிடமிருந்து ஏறத்தாழ 2 கோடி ஏக்கரை விலைக்கு வாங்கியது. டிராகிங் கனூ என்னும் இளந்தலைவர் இவ்விற்பனையை எதிர்த்தார். நிறுவனத்தின் பொருட்டு டேனியல் பூன் கம்பர்லாந்துக் கணவாய் வழியே பாதை வெட்டிச் சென்று பூன்ஸ்பரோவை அமைத்தார். இவ்வாறு ஒரே நிலத்திற்கு வர்ஜீனியாவும் நிறுவனமும் உரிமை கோரின. நிறுவனம் நிலவிலையை உயர்த்தியதும் ஹாரட்ஸ்டவுன் மக்கள் வர்ஜீனியாவின் பக்கம் சாய்ந்தனர்.

1776 ஜூனில் அம்மக்கள் ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க், ஜான் கேப்ரியல் ஜோன்ஸ் ஆகிய இருவரைச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தனுப்பினர். கவுண்டியே இல்லாத இடத்திற்கு உறுப்பினர் ஏது? அவர்களுக்கு இருக்கை கிட்டவில்லை. கிளார்க் கேட்ட வெடிமருந்தையோ ஆட்சிக் குழு முதலில் நண்பருக்குத் தரும் கடன் போலவே தர முன்வந்தது. அவர் அதனை மறுத்தார். காக்க விரும்பாத நிலத்திற்கு உரிமை கோருவது பொருந்தாது என்பது அவர் வாதம். ஈற்றில் 500 பவுண்டு வெடிமருந்து வழங்கப்பட்டது. இதனை வெறும் படைக்கல உதவியாகக் கொள்வதற்கில்லை. நிலம் தன்னுடையது என வர்ஜீனியா செயலால் ஒப்பிய தருணம் இது. அவ்வாண்டு டிசம்பரில் ஃபின்காசில் கவுண்டி மூன்றாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுள் ஒன்று கென்டக்கி ஆயிற்று. அம்மருந்தைக் கொணரும் முயற்சியில் அதே மாதம் ஜோன்ஸ் கொல்லப்பட்டார்.

1777இல் ஹாரட்ஸ்டவுனில் எடுக்கப்பட்ட கணக்கில் மொத்தம் 198 பேரே உளர். படைப்பணியில் இருந்த ஆடவர் 81, பெண்டிர் 24, பத்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் 58. அடிமைகள் 19 பேர். அவர்கள் ஆண், பெண் என்றுகூடப் பிரித்துக் காட்டப்படவில்லை, வயதால் மட்டுமே பகுக்கப்பட்டனர். கவுண்டியின் முதல் நீதிமன்றம் அவ்வாண்டு இங்குக் கூடியபோது ஷானி மக்களின் தாக்குதல்கள் ஓயவில்லை.

1778இல் வர்ஜீனியா ஹென்டர்சனின் கொள்முதலைச் செல்லாததாக்கி, ஈடாக அவர் தரப்பினர்க்கு 2 லட்சம் ஏக்கர் அளித்தது. 1779ஆம் ஆண்டுச் சட்டம், 1778க்கு முன் குடியேறியோர்க்கு 400 ஏக்கரும், அதனையடுத்து 1,000 ஏக்கரை வாங்கும் முன்னுரிமையும் தந்தது. ஆனால் முறையான பொது அளவை இல்லாமையால் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. 1780இல் கவுண்டி ஃபேயட், ஜெபர்சன், லிங்கன் என மூன்றாயிற்று. நில வழக்குகளோ பல்கின. பாதை வெட்டிய பூனே தம் நிலங்களுள் பெரும்பாலானவற்றை இழந்து, 1799இல் ஸ்பெயின் ஆட்சியிலிருந்த மிசௌரிக்குக் குடிபெயர்ந்தார்.