தனி இனமான தேன்சிட்டு: வகைப்பாட்டில் அடங்கியுள்ள வனப் பாதுகாப்பு

புதுதில்லி: ஒரு பறவை தனி இனமா, வேறோர் இனத்தின் உட்பிரிவா என்பது அறிஞர்களுக்கிடையேயான வாதமாக மட்டுமே தோன்றலாம். ஆனால், எந்தக் காட்டுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற கொள்கை முடிவு வரை அதன் விளைவு நீள்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய விகர்ஸ் தேன்சிட்டு இதற்குச் சான்று.

மலர்த்தேனை உண்டு வாழும் இச்சிறு பறவை, தெற்கு குஜராத்திலிருந்து நீலகிரிப் பகுதி வரையிலான மலைத்தொடரில் காணப்படுகிறது. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் உண்டு. ஆண் பறவையின் சிவந்த மார்பில் மெல்லிய மஞ்சள் கீற்றுகள் ஓடும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி வில்லியம் ஹென்றி சைக்ஸ், 1832-ல் இதைத் தனி இனமாக விவரித்து, லண்டன் விலங்கியல் கழகத்தின் முதல் செயலாளரான நிக்கலஸ் விகர்ஸின் பெயரைச் சூட்டினார். பின்வந்தோரோ, இதனைச் செந்நிறத் தேன்சிட்டின் துணையினமாகச் சேர்த்துவிட்டனர். செந்நிறத் தேன்சிட்டு இமயமலை அடிவாரம் முதல் இந்தோனேசியா வரை பரவியுள்ள பறவை. 2005-ல் பமீலா ராஸ்முசென், ஜான் ஆண்டர்டன் ஆகியோர் தங்களது தெற்காசியப் பறவைகள் நூலில் இரண்டையும் மீண்டும் பிரித்தனர்.

இதனால் நேர்ந்த மாற்றம் என்ன? துணையினமாக இருந்தவரை, மேற்கு மலைகளில் இது அருகினாலும், ஆசியா முழுதும் பரவிய பறவையின் கணக்கில் அந்த இழப்பு மறைந்துவிடும். தனி இனம் என்றானபின், இந்த ஒரு மலைத்தொடரே அதன் உலகம். இங்கு அழிந்தால் எங்குமே இல்லை. இப்போதைக்கு அழியும் ஆபத்து குறைந்த இனமாகவே மதிப்பிடப்பட்டுள்ளது என்பது ஆறுதல்.

சட்டத்திலும் பெயருக்கு எடை உண்டு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காவது அட்டவணையில் தேன்சிட்டுகள் ஒரே தொகுதியாக இடம்பெற்றிருந்தன. 2022-ம் ஆண்டுத் திருத்தமோ, அட்டவணைகளை இனப் பெயர்களைக் கொண்டு மாற்றியமைத்தது.

எனினும், வேட்டைத் தடை மட்டும் வாழிடத்தைக் காத்துவிடாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சூழலியல் ரீதியாக எளிதில் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளை வரையறுக்க, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2014-ல் வரைவு அறிவிக்கை வெளியிட்டது. 2024 ஜூலையில் வெளியானது ஆறாவது வரைவு. தமிழகம் உள்பட ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 56,800 சதுர கிலோமீட்டர் அதில் அடங்கும். குவாரிகளும் சுரங்கங்களும் நுழையக் கூடாத எல்லையை வகுப்பதே அதன் நோக்கம்.

தேன்சிட்டுக்கு உரிய பெயரை அறிவியல் திருப்பித் தந்துவிட்டது. அதற்கு உரிய காட்டை உறுதி செய்வது அரசுகளின் பொறுப்பு.