இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். முத்துப் பார்கள் ஓய்ந்தாலும் சங்குகுளிப்பு ஓயவில்லை. வ.உ.சி. துறைமுகத்துக்கு வடக்கே திரேஸ்புரத்திலிருந்து இன்றும் சங்கு எடுக்கப் படகுகள் போகின்றன. மாறியிருப்பது மூச்சுவிடும் முறை. அந்தக் காலத்துக் குளியாள் கல்லின் கனத்தில் இறங்கி, மூச்சை அடக்கி, ஒரு நிமிடம்போல் கீழே இருந்துவிட்டு மேலே வருவார். இப்போது படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று போகிறது. எத்தனை நேரம் வேண்டுமானாலும் கீழே இருக்கலாம். வினை அங்கேதான் தொடங்குகிறது.

பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின்மேல் இன்னொரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. இருபது மீட்டரில், அதாவது ஏறக்குறைய பதினொரு பாகத்தில், அழுத்தம் மூன்று மடங்கு. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அந்த அழுத்தத்தில் அது ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேர்ந்துகொண்டே போகும். மெதுவாக, இடையிடையே நின்று மேலே வந்தால் நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். விறுவிறுவென்று ஏறினால், மூடி திறந்த சோடா பாட்டிலில் நடப்பது ரத்தத்தில் நடக்கும். அந்தக் குமிழிகள் தண்டுவடத்தின் ரத்த ஓட்டத்தை மறித்தால் இடுப்புக்குக் கீழே உணர்வு போகும், கால் போகும், சிறுநீர் கழிக்கும் கட்டுப்பாடும் போகும். எந்த ஆழத்துக்கு எவ்வளவு நேரம், எங்கே நின்று ஏறவேண்டும் என்று ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-லேயே அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார். கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கும் நம் சங்குகுளியாளிடம் அந்த அட்டவணை போய்ச் சேரவில்லை.

இந்தக் குமிழி நோய்க்குச் சிகிச்சை சுத்தமான ஆக்ஸிஜனும், அழுத்த அறைக்குள் வைத்து மீண்டும் அழுத்தம் ஏற்றி மெல்லக் குறைப்பதும். நேரத்தோடு அது கிடைத்தவர்கள் பலர் எழுந்து நடக்கிறார்கள். தாமதமானவர்களுக்கு வார்டில் ஒரு கட்டிலும், முன்னே நீளும் பல மாதங்களும். அங்கிருந்து அவர்களைக் காப்பாற்றுவது செவிலியரும் பிசியோதெரபிஸ்டும்.

உணர்வற்ற உடம்புக்கு முதல் எதிரி படுக்கைப்புண். நாமெல்லாம் தூக்கத்தில்கூடப் புரண்டு படுக்கிறோம். ஓரிடத்தில் அழுத்தம் கூடினால் தோல் சொல்கிறது, உடம்பு கேட்டுக்கொள்கிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு அந்தச் செய்தி போவதில்லை. நுண்ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம்தான். வால் எலும்பும் குதிகாலும் மெத்தையில் பதியும் இடத்தில் வெளி அழுத்தம் அதை எளிதில் தாண்டிவிடும். அங்கே ரத்தம் போகாது. புண் பல நேரங்களில் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்குகிறது, தோலில் கடைசியில்தான் தெரிகிறது.

தோல் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது பாடப்புத்தகம். அது வெள்ளைத் தோலை வைத்து எழுதிய விதி. ஆண்டுக்கணக்கில் உப்பிலும் வெயிலிலும் கறுத்த கடலோடியின் தோலில் சிவப்பு தெரியாது. அனுபவமுள்ள சிஸ்டர் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா? கட்டிபோல் கெட்டியாக இருக்கிறதா, களிபோல் தளர்ந்திருக்கிறதா? எந்தக் கருவியும் இல்லாமல் அந்தக் கை செய்வது சுத்தமான மருத்துவ அறிவியல்.

தடுக்கும் வழி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. கேட்கச் சுலபம். ஒரு நோயாளிக்கு நாளைக்குப் பன்னிரண்டு முறை. நான்கு பேருக்கு நாற்பத்தெட்டு முறை. கடலில் உழைத்த கனத்த உடம்பு, தன் பங்குக்கு ஒரு துளியும் ஒத்துழைக்க முடியாத உடம்பு. நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த பாதுகாப்பான வரம்பு சுமார் 16 கிலோ. இரவு ஷிப்டில் ஆள் குறைந்த வார்டில் யார் இதைக் கணக்குப் பார்க்கிறார்கள்? முதுகுவலி இல்லாத சிஸ்டரைக் காண்பது அரிது.

சிறுநீர்ப்பை இன்னொரு போராட்டம். முன்பெல்லாம் தண்டுவடம் அடிபட்டவர்கள் பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டே இறந்தார்கள். நிரந்தரமாகக் குழாயை மாட்டி வைப்பதைவிட, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கதீட்டரைச் செருகி வடித்துவிட்டு எடுத்துவிடுவது நல்லது என்று 1972-இல் லேபிடிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் காட்டினார். நோயாளியே செய்துகொள்ளலாம். ஆனால் நேற்றுவரை கடலடியில் தனியாளாக உலவிய மனிதரிடம் இதைப் பேசவே கூச்சம் கலைய வேண்டும். அதற்கும் சிஸ்டர்தான் நாள்கணக்கில் பொறுமையாக உட்கார வேண்டும்.

மிகக் கடினமான வேளை ஒன்று உண்டு. சில வாரங்கள் கழித்து ஒருநாள் செத்துக் கிடந்த கால் திடீரென்று துள்ளும். மனைவி ஓடி வருவார்: "சிஸ்டர், இவுக கால் அசையுது!" மூளையின் பிடி விட்டுப்போனதால் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தன்போக்கில் அனுப்பும் அனிச்சைத் துடிப்பு அது. "அது தானா துள்ளுறது அக்கா. அவுங்களா அசைக்கும்போது நானே உங்களைக் கூப்பிட்டுச் சொல்றேன்" என்று நம்பிக்கையை நொறுக்காமல் உண்மையைச் சொல்ல எந்த வகுப்பில் கற்றுத்தருகிறார்கள்?

பிசியோதெரபிஸ்டுக்கு வேறு சங்கடங்கள். மாதக்கணக்கில் படுத்தவரை நிமிர்த்தினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும்; சாய்வு மேசையில் கட்டி, சிறிது சிறிதாகத்தான் நிறுத்த வேண்டும். தினமும் கணுக்காலை மடக்கி நீட்டாவிட்டால் குதிநாண் சுருங்கிப் பாதம் தொங்கிவிடும். இத்தனையும் செய்து வீட்டுக்கு அனுப்பினால், மீனவக் குடியிருப்பின் மணலில் சக்கர நாற்காலி புதைகிறது, கழிப்பறை வாசலில் நுழைய மறுக்கிறது.

இந்த மறுவாழ்வு மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டில் வழிகாட்டியவர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார், அமெரிக்கா போய் இத்துறையைப் படித்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபி இருப்பது நல்ல தொடக்கம். கடற்கரைக் கிராமங்களுக்கு அது தவறாமல் வரவேண்டும். இரவு வார்டுகளில் கூடுதல் செவிலியர் வேண்டும்.

சங்குகுளிக்கப் போகிறவர்களின் வீட்டார் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கரையேறிய பின் மூட்டுவலி, மரத்துப்போதல், சிறுநீர் வராமை என்று எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சரியாகிவிடும் என்று மீண்டும் கடலில் இறக்காதீர்கள். மல்லாக்கப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். எத்தனை பாகம் இறங்கினார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.