மாத நாவலும் இருதடக் கதைப்பின்னலும்: ராஜேஷ்குமாரின் புனைவுகளை முன்வைத்து

தமிழ்த் துப்பறியும் புனைவின் வரலாறு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரில் தொடங்கித் தமிழ்வாணன், சுஜாதாவரை ஓரளவு எழுதப்பட்டுள்ளது. பின்வந்த மாத நாவல்களை இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அவ்வாறு கடக்கப்பட்டவர்களுள் முதன்மையானவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ராஜேஷ்குமார்.

1947இல் பிறந்த கே.ஆர். ராஜகோபாலின் புனைபெயரே ராஜேஷ்குமார். 1960களின் இறுதியில் சிறுகதையின் வழி எழுத்துலகில் நுழைந்த இவர் 1500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியுள்ளார். அரை நூற்றாண்டுக்குப் பகுத்தால் ஆண்டுக்கு 30, மாதத்திற்கு இரண்டரை. இவ்வெண்ணிக்கை வியந்து பேசப்படுகிறதேயன்றி, எழுத்தின் வடிவத்தைத் தீர்மானித்த காரணியாக நோக்கப்படுவதில்லை.

ஜி. அசோகனின் 'க்ரைம் நாவல்' போன்ற இதழ்கள் ஒவ்வோர் இதழிலும் ஒரு நாவலை முழுமையாகத் தந்தன. பேருந்து நிலையக் கடையில் வாங்கிப் பயணம் முடியுமுன் படித்துவிடத்தக்க அளவு அது. வாரத் தொடர்கதைக்கு இயல் முடிவில் ஒரு திருப்பம் போதும். ஒரே அமர்வில் படிக்கப்படும் கதைக்கு வேறு உத்தி தேவைப்பட்டது. ராஜேஷ்குமார் பெரிதும் கையாண்டது இருதடக் கதைப்பின்னல். தொடர்பற்றனபோல் தோன்றும் இரு கதைகள் இயல் மாற்றி இயல் நகர்ந்து, இறுதியில் ஒரு குற்றத்தில் இணையும். 'குற்றவாளி யார்?' என்னும் பழைய வினாவின் இடத்தில் 'இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு?' என்பது அமர்கிறது. துப்பறிவாளரின் நுண்ணறிவைவிட வாசகரின் ஊகமே கதையை நடத்துகிறது. விவேக்கும் ரூபலாவும் பல நாவல்களில் இடம்பெற்றும் சுஜாதாவின் கணேஷ், வசந்த் போலத் தனித்த குரல் பெறாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அதனை எழுத்தாளரின் குறையென்று மட்டும் தள்ளிவிட இயலாது.

கோவையிலிருந்தே எழுதினாலும் இவரைக் கொங்கு வட்டார எழுத்தாளர் என்பதற்கில்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) பேச்சுவழக்கால் மண்ணை நிறுவியது. ராஜேஷ்குமாரின் உரையாடல்களோ ஆங்கிலம் கலந்த பொது நகர்த்தமிழ். நாகர்கோவில் வாசகருக்கும் யாழ்ப்பாண வாசகருக்கும் அருஞ்சொற்பொருள் தேவைப்படாது. வட்டாரத்தைத் துறந்ததே இவரது பரவலுக்கு வழிவகுத்தது எனலாம்.

2008இல் பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பு இவரைத் தமிழறியா வாசகரிடம் சேர்த்தது. மூல இதழ்களின் நிலை வேறு. மலிவுத்தாளில் அச்சிடப்பட்டு, படித்ததும் பழைய தாள் கடைக்குப் போனவை அவை. இதழ், மாதம், ஆண்டு ஆகியவற்றைக் கொண்ட முறையான நூலடைவு இன்றி, இருதடப் பின்னல் எந்த நாவலில் முதலில் தோன்றியது என்ற எளிய வினாவுக்குக்கூட விடை காண இயலாது.