கிழமைக் காசு

ஊர்காவற்றுறையில் கடலை நம்பிய வீடுகள் கிழமையை இரண்டு விதமாக எண்ணுகின்றன. திங்கள், புதன், சனி இந்திய இழுவைப்படகுகள் வரும் நாட்கள். வலையை விடுவதா வேண்டாமா என்று அன்றைக்கு இரண்டு தரம் யோசிக்க வேண்டும். மற்றது, லோன்காரர் மோட்டார் சைக்கிளில் வரும் நாள். வலை அறுந்தாலும் அந்த நாள் தள்ளிப்போவதில்லை. 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, கடலுக்குப் போகும் செலவே பிடிபாட்டை விழுங்கியது. கிழமைக் காசு மட்டும் கிழமைக் காசாகவே இருந்தது.

அந்தக் காசின் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்ப்போம். 50,000 ரூபா கடன், நூற்றுக்கு முப்பது வட்டி, 52 கிழமை, கிழமைக்கு 1,250 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 65,000. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 50,000 ஒரு வருசம் முழுக்க உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் கிழமையே திரும்பத் தொடங்குகிறது. ஆறு மாதத்தில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. வட்டியோ கடைசிவரை முழுத்தொகைக்கும் அறவிடப்படுகிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு சுமார் 54 வீதம். வட்டிக்கு வட்டியும் சேர்த்தால் 70 வீதத்தைத் தாண்டும். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று தொடக்கத்திலேயே கழித்தால் இன்னும் கூடும். ஆகவே "நூற்றுக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு நிற்காதீர்கள். "குறைந்துவரும் மீதிக்கு ஆண்டுக்கு எத்தனை வீதம்? தமிழில் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள்.

மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகள் தரும் நுண்நிதிக் கடனுக்கு 2018 இல் ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைக்கப்பட்டது. அதே ஆண்டு இலங்கை வந்த ஐ.நா. நிபுணர், கடன் வாங்கிய சிலரிடம் 220 வீதம் வரை வட்டி அறவிடப்படுவதைச் சுட்டிக்காட்டினார். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் அரசாங்கத் திட்டமும் அப்போதுதான் வந்தது. தவணை தவறியவருக்கே அந்தச் சலுகை. தாலிக்கொடியை அடைவு வைத்து ஒழுங்காகக் கட்டியவளுக்கு ஒன்றுமில்லை. 2021 மார்ச் 8 ஆம் திகதி ஹிங்குராக்கொடையில் பெண்கள் நுண்நிதிக் கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். இது வடக்குக்கு மட்டும் வந்த வருத்தம் அல்ல.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் ஒரு வேடிக்கை உண்டு. மணமான பெண் தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. 1911 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. ஆனால் குழுக்கடனுக்கு அவளது கையெழுத்தே போதும். காணி உறுதி கேட்காத இந்தக் கடனுக்குப் பிணை அயல்தான். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். எனவே லோன்காரர் பேசவேண்டியதை அயலட்டையே பேசுகிறது, கிணற்றடியில், கோயில் வீதியில். இந்த வெட்கத்துக்குப் பயந்து ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க மூன்றாவது என்று வாங்குகிறார்கள். ஏழு நிறுவனங்களின் அட்டையை அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்திருப்பவளின் புருசனுக்கு மூன்றுதான் தெரிந்திருக்கும். அட்டைகளை வெளியே எடுத்து, நம்பிக்கையான ஒருவரோடு இருந்து ஒரே கொப்பியில் எழுதுவதுதான் முதல் வேலை. எது அதிக வட்டி, எதற்கு வேறு ஆள் பிணை, எதற்கு நகை போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கடன் கட்ட முடியாமற்போவது குடியியல் விடயம். அதற்காக மட்டும் பொலிஸ் பிடித்துப்போகாது. காசோலை திரும்பினால் கதை வேறு. ஆகவே வெற்றுக் காசோலையிலோ வெற்றுத்தாளிலோ கையெழுத்து வைக்காதீர்கள். வசூலிக்க வருபவருக்கு உங்கள் சைக்கிளையோ தையல் மெசினையோ தன்பாட்டில் தூக்கிப்போக உரிமையில்லை. இருட்டியபின் வீட்டில் வந்து குந்தியிருப்பது, மிரட்டுவது எல்லாம் முறைப்பாட்டுக்குரியவை. காசுக்குப் பதிலாக வேறு எதையாவது கேட்கும் பேச்சு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு. பொலிஸில் பதிந்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. நிதிக் கம்பனி, வங்கி பற்றிய முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935. நிறுவனத்துக்கு முதலில் எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்பது நல்லது.

தனியாரிடம் வாங்கிய கைமாற்றை இணக்கசபையில் பேசித் தீர்க்கலாம். காணியை ஈடுவைத்தவர், முக்கியமாக "திருப்பித் தருவோம்" என்ற வாய்ப்பேச்சில் அறுதி உறுதி எழுதிக்கொடுத்தவர், தவணை முடியும்வரை காத்திராமல் கடன் இணக்க சபைக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரிக்கவேண்டும். அடைவு நகை என்றால், ஏல அறிவித்தல் வருமுன்பே வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கக் கேளுங்கள். நண்டு வாங்கும் முதலாளி தரும் முற்பணமும் கடன்தான். அவர் வட்டி கேட்பதில்லை, விலையில் எடுத்துக்கொள்வார்.

2023 இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவில் பெயர் விடுபட்டால் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு செய்யலாம், அல்லது 1924 ஐ அழைக்கலாம். கடற்றொழிலாளர் சங்கம், சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றை ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. அங்கே கணக்குப் புத்தகத்தை அங்கத்தவர் கேட்டுப் பார்க்கலாம். லோன் கம்பனியில் அது நடக்குமா?

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால், கணக்குக் கொப்பி பிறகு பார்க்கலாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையில் வைத்தியரிடம் கடன் கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.

இந்த அலுவல்களுக்காக நெடுந்தீவிலிருந்து வருபவர் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், கடைசிப் படகுக்கு முன் திரும்பவேண்டும். ஒரு தாள் குறைந்தால் ஒரு நாள் உழைப்பு வீண். அடையாள அட்டை, எல்லாக் கடன் அட்டைகளும், பற்றுச்சீட்டுகள், அடைவுத் துண்டு, காணி உறுதியின் பிரதி, அந்தக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். படகில் தண்ணீர் அடிக்கும்.